கொடுத்தால் பூஜ்யம்

போன செவ்வாய்க்கிழமை, கூட வேலை பார்க்கும் ஷாகுல் என் மேஜைக்கு வந்து நின்றான். முகம் சரியில்லை.

"மச்சான், எட்டு கேட்டேன். நாலுன்னு வந்துச்சு. சரி, நாலு கொடுத்துட்டாங்கன்னு வேலைய ஆரம்பிச்சேன். மெஷின் அப்படியே நின்னுடுச்சு."

கேட்டது இன்டரப்ட். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு கார்டு, "இங்கே வேலை வந்திருக்கு" என்று பிராசஸரைக் கூப்பிட அடிக்கிற காலிங் பெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த கார்டுக்கு எத்தனை பெல் என்று ஒதுக்கித் தரும் குட்டி புரோகிராமை எழுதியது... அடியேன். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிற எங்கள் சின்ன கம்பெனியில் அதுதான் என் பெருமை.

"நாலு கொடுக்கலடா. எட்டு இல்ல, நாலுதான் இருக்கு, வேணும்னா திரும்பக் கேளுன்னு அர்த்தம்."

"அப்ப, கொடுத்துட்டா எத்தனைன்னு சொல்லும்?"

"கொடுத்துட்டா பூஜ்யம்."

ஷாகுல் விரல்விட்டு எண்ணினான். "கொடுத்தா பூஜ்யம். கொடுக்கலன்னா நாலு. உனக்கே இது நல்லா இருக்கா?"

"எப்படிக் கேக்கணும்னு பதினோரு பக்கம் எழுதி வெச்சிருக்கேன். படிக்க மாட்டீங்க!"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. எங்கள் மேனேஜர் வசந்தா மேடம் எட்டிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து கஸ்டமர் வருகிறார். அதற்குள் ஷாகுலின் நெட்வொர்க் கார்டு, இன்னொரு டிஸ்க் கார்டு இரண்டும் ஓடியாக வேண்டும்.

"அவ்வளவு ஈஸின்னா டிஸ்க் கார்டை ஓட்டுற புரோகிராமை நீங்களே எழுதிடுங்களேன்" என்றார்.

எழுதினேன். வியாழன் மதியம் ஓட்டினேன். மெஷின் நின்றது. கார்டைக் கழற்றி ஊதி மாட்டினேன். கேபிளை மாற்றினேன். யூ.பி.எஸ்.ஸைக்கூட சந்தேகப்பட்டேன். மூன்று மணி நேரம்!

ஷாகுல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எத்தனை கேட்ட?"

"பதினாறு."

"என்ன வந்துச்சு?"

"ரெண்டு. அதான் ரெண்டு கொடுத்துட்டாங்களேன்னு..."

பாதியிலேயே உறைத்தது.

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. நேராகப் போய் மேடத்தைக் கூட்டிவந்து நிறுத்தி, "இப்ப சொன்னியே, அதத் திரும்பச் சொல்லு" என்றான்.

அன்று சாயங்காலமே இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். குறைந்தது எத்தனை வேண்டும், அதிகபட்சம் எத்தனை வேண்டும் — இரண்டையும் சொல்லிக் கேட்க வேண்டும். கிடைத்தது எத்தனையோ அதுதான் பதில். குறைந்தபட்சமும் இல்லையென்றால் எரர். அவ்வளவுதான். பதினோரு பக்கம் ஒன்றரைப் பக்கமானது.

வெள்ளிக்கிழமை வந்தவர் பத்து நிமிடம் பார்த்தார். எதுவும் நிற்கவில்லை. எதையும் கேட்காமல் காபி குடித்துவிட்டுப் போனார். இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா?

நாம் செய்து கொடுத்ததை மற்றவர்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று கோபம் வருகிறதா? ஒரு முறை நாமே பயன்படுத்திப் பார்ப்பது நல்லது — முடிந்தவரை, பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில்!