டைரனோசரஸ் எந்தக் கிளை?

தொண்ணூறுகளின் நடுவில் அடையாறில் ஓர் அறிவியல் கண்காட்சிக் கூடத்தில் காட்சிப் பிரிவுக்கு நான் பொறுப்பு. ஊன் உண்ணும் டைனோசர்களில் எது எதற்குச் சொந்தம் என்று காட்டும் பெரிய சார்ட் ஒன்று தயாரானது. பழைய புத்தகத்தைப் பார்த்து, பெரிய உடம்புக்காரர்களை ஒரு கிளையிலும் சின்னவற்றையும் அவற்றின் வழிவந்த பறவைகளையும் இன்னொரு கிளையிலும் போட்டேன். டைரனோசரஸ் பெரியவற்றோடு போனது.

பெயின்டரிடம் போகும் முன், சரிபார்த்தவர் லே-அவுட் என்ற மாதிரித் தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வரைந்தவர் போடுவதில்லை. சரிபார்ப்பவர் ஸ்டெல்லா. மயிலாப்பூர்க்காரர், விலங்கியல் படித்தவர், வருஷக் கான்ட்ராக்டில் இருந்தார்.

"சார், டைரனோசரஸ் சின்னதுங்க பக்கம்தான் வரணும். நடுப் பாத எலும்பு மேல போகப் போக ஒடுங்குது பாருங்க, அதுங்களுக்கும் அப்படியேதான். சைஸை வச்சு சொந்தம் சொல்ல முடியாது."

அவர் காட்டிய படத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வீம்பு.

"இன்னிக்கு ஒண்ணு சொல்வாங்க, நாளைக்கு ஒண்ணு சொல்வாங்க. திங்கக்கிழமை திறப்பும்மா. கையெழுத்துப் போடு."

போட்டார்.

சைதாப்பேட்டை பெயின்டர் ஏழுமலை பாதி வேலையில் சிரித்தார். "இன்னா சார், இத்தப் போய் கோழிக்கு சொந்தம்னு சொல்லிக்கினு கீது அந்தம்மா. மெய்யாவா?"

"குடுத்ததை வரைப்பா" என்றேன்.

திறப்பன்று வந்திருந்த பேராசிரியர் ஒருவர் சார்ட்டின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, டைரனோசரஸைக் காட்டி டைரக்டரிடம் ஏதோ சொன்னார். மறுநாள் டைரக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜையில் லே-அவுட் கிடந்தது.

"யாரு செக் பண்ணது?"

"நான்தான் சார்" என்றார் ஸ்டெல்லா.

"நீங்க பாக்கலியா?" என்று டைரக்டர் என்னைக் கேட்டார்.

"அவங்க பாத்துட்டாங்கன்னு விட்டுட்டேன் சார்."

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வருஷம் அவருடைய கான்ட்ராக்டை டைரக்டர் புதுப்பிக்கவில்லை.

ஏழுமலை ஒரே காலையில் டைரனோசரஸை அழித்து, பறவைகள் இருக்கும் கிளைப் பக்கம் வரைந்து கொடுத்தார். கடைசி நாளன்று அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்த ஸ்டெல்லா, சார்ட்டை ஒருமுறை நின்று பார்த்தார்.

"இப்ப சரியா இருக்கு சார்" என்றார். கோபமே இல்லை. அதுதான் என்னை அறுத்தது.

வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். தப்பு எல்லோருக்கும் வரும், அழித்து வரைந்துகொள்ளலாம். அது என்னுடையது என்று அன்று டைரக்டர் முன் சொல்ல எனக்கு இரண்டு நொடி போதுமாயிருந்திருக்கும். இன்றுவரை அதை ஸ்டெல்லாவிடம் நான் சொல்லவில்லை.