துண்டு மடித்த இந்திராணி டீச்சர்

செய்தி வந்தபோது நான் ஜோகூரில், செனாய் ஊரில் ஒரு கடையில் உட்கார்ந்து ரொட்டிச் சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்பியிருந்தாள்: ‘இந்திராணி டீச்சர் காலையில தவறிட்டாங்க.’ நான் நம்பவில்லை. எமதர்மன் அவர் வீட்டு வாசலுக்கு வந்திருந்தால், “வரதுக்கு முன்னால சொல்லிட்டு வரணும்னு தெரியாதா?” என்று கேட்டு எருமையோடு அவனைப் பொந்தியான் கடலுக்குள் இறக்கியிருப்பார் என்றுதான் எண்ணியிருந்தேன். ரொட்டி ஆறிப்போனது. நான் பிறந்ததிலிருந்து என் தட்டில் ரொட்டி ஆறியது அதுதான் முதல் தடவை.

இந்த அஞ்சலியைப் படிக்கும் பெற்றோர்களில் பாதிப் பேர் டீச்சரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர், வாங்கியதை வெளியில் சொல்லாதவர்கள். சிறப்புக் கல்வி வகுப்பில் படிப்பை முடிக்கப்போகும் பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்வது அவர் பொறுப்பு. என் அக்கா மகள் தர்ஷினியும் அப்படித்தான் அவர் கைக்கு வந்தாள். டவுன் சின்ட்ரோம் உள்ளவள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

பள்ளியில் அவளுடைய கடைசி ஆண்டுப் பெற்றோர் கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மற்றவர்கள் சான்றிதழைப் பற்றிப் பேசினார்கள். டீச்சர் அக்காவிடம் ஒன்றுதான் கேட்டார்.

“ஸ்கூல் முடிஞ்ச மறுநாள் காலைல இவ எங்க போவா?”

“எங்க போறது டீச்சர்? வீட்ல என்கூட இருப்பா.”

“சரி. நீங்க எவ்ளோ நாள் இருப்பீங்க?”

மின்விசிறியே ஒரு கணம் நின்றுவிட்டது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். அக்கா அழுதாள். டீச்சர் சமாதானம் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “அந்தக் கேள்விக்குத்தான் இப்ப நாம வேல பாக்கப் போறோம்” என்றார். பத்தொன்பது வருடங்களாக அக்கா தனக்குத் தானே கேட்டுக்கொள்ளப் பயந்த கேள்வி அது.

தெப்ராவில் ஹோட்டல் துண்டுகளைத் துவைத்து மடிக்கும் ஒரு சலவைக் கூடம் இருக்கிறது. டீச்சர் அதன் முதலாளி தவுக்கேயிடம் போய் வேலை கேட்டார். தர்ஷினிக்கு அல்ல, முதலில் தனக்கு. பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் முழுக்க நின்று துண்டு மடித்தார். இந்தச் சிக்குவுக்கு, அதாவது டீச்சருக்கு, பைத்தியமா என்று தவுக்கே பின்னாளில் என்னிடம் மலாயில் கேட்டார். டீச்சர் அந்த வாரத்தில் மடித்ததை வரிசையாக விரித்திருந்தால் ஜோகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர்வரை நடந்து போயிருக்கலாம்.

ஏன் இந்த வேலை என்று கேட்டேன். “நான் செஞ்சு பாக்காத வேலைய அவளுக்கு எப்படிங்க சொல்லிக் குடுக்கிறது?” என்றார்.

செய்து பார்த்ததால்தான் சிக்கலைக் கண்டுபிடித்தார். பத்துப் பத்துத் துண்டாகக் கட்ட வேண்டும். தர்ஷினிக்கு ஆறுக்கு மேல் எண்கள் கொஞ்சம் இஷ்டத்துக்கு வரும். எட்டுக்குப் பிறகு ஐந்து வந்தாலும் அவள் கவலைப்பட மாட்டாள். நாங்கள் ஒரு மாதம் எண்ணக் கற்றுக்கொடுத்துத் தோற்றோம். டீச்சர் ஒரு மரக்கட்டையை மேசையில் செங்குத்தாக ஆணி அடித்து நிறுத்தினார். பத்துத் துண்டு எந்த உயரத்துக்கு வருமோ அங்கே சிவப்பு மையால் ஒரு கோடு. அடுக்கு கோட்டைத் தொட்டால் கட்டு. அவ்வளவுதான். மூன்றாம் வாரம், எண்ணத் தெரிந்த மற்ற பெண்களும் தங்கள் மேசைக்குக் கட்டை கேட்டார்கள். இன்று அந்தக் கூடத்தில் யாரும் எண்ணுவதில்லை.

அடுத்தது பஸ். முதல் நாள் டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாள் பின் இருக்கையில். அதற்கு மறுநாள் அதற்கும் பின்னால். இப்படிப் பின்னால் போய்ப் போய் ஒருநாள் பஸ்ஸிலேயே இல்லாமல் போனார். அன்றுதான் என் வீர வரலாறு தொடங்குகிறது.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எனக்கும்தான். மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு மோட்டாரில் பஸ்ஸைப் பின்தொடர்ந்தேன். உளவுத்துறை பார்த்திருந்தால் அன்றே வேலைக்கு எடுத்திருக்கும். தர்ஷினி சரியான இடத்தில் இறங்கினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நேராகக் கூடத்தின் வாசல் காவலாளியிடம் போய், “அந்த ஆள் என் பின்னாடியே வராரு” என்று மலாயில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காவலாளி என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். தாய்மாமன் என்றேன். எல்லாத் திருடனும் யாருக்காவது மாமன்தான் என்பதுபோல் பார்த்தார். டீச்சருக்கு போன் போட்டேன்.

“தர்ஷினி உள்ள போயிட்டாளா?”

“போயிட்டா டீச்சர். என்னத்தான் விட மாட்றான்.”

“நல்ல கார்ட் லா அவரு. உக்காந்திருங்க.”

போனை வைத்துவிட்டார். பத்து மணிக்குத் தேநீர் இடைவேளையில் தர்ஷினி வந்துதான் என்னை மீட்டாள். மாமாவை அடையாளம் தெரியவில்லையா என்று கேட்டேன். “தெரிஞ்சிச்சு மாமா. யாரா இருந்தாலும் சொல்லணும்னு டீச்சர் சொன்னாங்க,” என்றாள். அன்று மாலை டீச்சர் வீட்டுக்கே வந்து, என்னை விட்டுவிட்டு அக்காவைத் திட்டினார். “தப்பு பண்ண அவளுக்கு எடம் குடுங்க. நீங்க தப்பு பண்ணிப் பண்ணித்தானே வளந்தீங்க?” திட்டு முடிந்ததும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். இன்னொரு வீட்டில் இன்னொரு அம்மா காத்திருந்தார்.

தகனம், செய்தி வந்த மறுநாள் மாலை நான்கு மணிக்கு, பொந்தியானில். வேலையிடத்துக்கு வந்து ஏற்றிக்கொள்வதாக அக்கா தர்ஷினியிடம் போனில் சொன்னாள். “வேணாம்மா. பாதி நாள் லீவு கேட்டுட்டேன். பஸ்ல வரேன்.” தெப்ராவிலிருந்து லார்கின் பஸ் நிலையம், அங்கே மாறிப் பொந்தியான். அந்த வழியை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லிக் கொடுக்கக்கூடியவர் தம் வீட்டு நடுக்கூடத்தில் மாலையோடு கிடந்தார்.

நானும் அக்காவும் டீச்சர் வீட்டில் காத்திருந்தோம். இரண்டரைக்கு வரவேண்டியவள் வரவில்லை. போனை எடுக்கவில்லை. அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “போய்ப் பாருடா.” என் கால் இரண்டும் ஏற்கெனவே வாசலுக்குப் போய்விட்டிருந்தன, உடம்பைத்தான் நாற்காலியில் அழுத்தி வைத்திருந்தேன். “கொஞ்சம் பொறு அக்கா,” என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

மூன்று பத்துக்குத் தெருமுனையில் வந்தாள். வேலைச் சட்டை, தோள்பை, வேர்த்த முகம்.

“எங்கடி போன இவ்ளோ நேரம்?”

“தப்பு பஸ் ஏறிட்டேன்மா. எறங்கி ஆளுங்கள கேட்டுகிட்டு இருந்தேன். அப்ப எப்படி போன் எடுக்கிறது?”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், டீச்சரின் கால்மாட்டில் நின்று கும்பிட்டாள். அவளுக்கு முன்பே பஸ்ஸிலும் மோட்டாரிலும் வந்து சேர்ந்திருந்த, டீச்சர் வேலைக்கு அனுப்பிய மற்ற பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். பலருக்கு அவரவர் வேலைச் சட்டை.

டீச்சரை அறிந்த ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதோ ஒன்றை வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது அந்த நாற்பது நிமிடம். நான் போய்ப் பார்க்காமல் உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடம். என் வாழ்நாளில் நான் செய்த மிகப் பெரிய வேலை அதுதான். இதில் ஒரு சொல்லும் மிகையில்லை.