இடது காது கிழிந்த கழுதை

மன்னார் பஸ் நிலையத்தில் தினமும் காலையில் அவரைக் காண்பேன். அரசாங்கக் கச்சேரியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு கயிறு. எதிரே வருகிறவர்களையெல்லாம் மறித்து, “இடது காது கிழிஞ்ச கழுதை ஒண்டைக் கண்டனீங்களோ?” என்று கேட்பார். தெருவெல்லாம் கழுதைகள் திரியும் ஊரில், தன் வீட்டில் வளர்ந்த அந்த ஒன்றைத் தேடி இலுப்பைக்கடவை வரைக்கும் போய் வந்தவர்.

ஒரு நாள் மீன் சந்தைக்குப் பின்னால் அதை நானே கண்டுவிட்டேன். ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தேன். கழுதை நேரே வந்து அவர் இடுப்பில் மூஞ்சியைத் தேய்த்தது. அவர் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே, “இது இல்லைத் தம்பி” என்றார்.

“காது கிழிஞ்சிருக்கே ஐயா!”

“சத்தம் போடாதேங்கோ. துலைஞ்சது கிடைக்க வேணுமெண்டு என்ர மனுசி அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திறா. அவர் எப்பவோ காட்டித் தந்திட்டார். இதைக் கட்டிக்கொண்டு போனா, நாளையில இருந்து நான் வீட்டில எல்லோ இருக்க வேணும்!”

மறுநாளும் பஸ் நிலையத்தில் என்னை மறித்தார். கழுதை அவருக்குப் பின்னால் நின்றது.

“கண்டனீங்களோ?”

“இல்லை ஐயா, இன்னும் காணேல்லை” என்றேன், கழுதையைப் பாராமலே.