மிஞ்சிய ஒரு ஜோடி

விளையாட்டு வளாகத்து நீச்சல் குளத்தில் பத்தொன்பது வருடமாக உயிர்காப்பாளராக இருப்பவளைப் பிள்ளைகள் செருப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். போட்டிக்கு வெளியூர் அணிகள் வந்து குவியும் நாட்களில், ஒரே நிறத் தொப்பி போட்ட தலைகளை எண்ணி மாளாது. அதனால் வாசல் ஸ்டாண்டில் செருப்பை விடாத யாரையும் அவள் உள்ளே விடமாட்டாள். ஸ்டாண்டு காலியானால் குளமும் காலி.

அன்று கடைசி அணியும் கிளம்பிய பிறகு, சின்னதாக ஒரு நீலச் செருப்பு ஜோடி மிஞ்சியிருந்தது. உடுத்திய துணியோடு குதித்தாள். ஆழத்தில் தரையைத் தடவித் தடவிப் போனாள். விரலில் தலைமுடி ஏதாவது சிக்கிவிடுமோ என்று ஒவ்வொரு தடவலுக்கும் பயந்தாள்.

மூன்றாம் முறை மேலே வந்தபோது, ஒரு சிறுமியின் கையைப் பிடித்தபடி கடைசி அணியின் பயிற்சியாளர் கரையில் நின்றிருந்தார்.

"போட்டியில குடுத்த புதுச் செருப்ப மாட்டிட்டுக் கிளம்பிட்டாக்கா. பழச எடுக்க வந்தோம்."

"உன்னோடதுதானா பாப்பா? நல்லாப் பாத்துச் சொல்லு."

சிறுமி தலையாட்டிவிட்டு அதை எடுத்துக்கொண்டு போனாள். ஸ்டாண்டு காலியாக இருந்தது.

செருப்பக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை மூழ்கினாள்.