கேட்டோடு நின்ற வேன்

பிள்ளைகளே, நான் படாளத்திலிருந்து சிறுசேரிக்கு ஆபீஸ் வேன் ஓட்டினேன். வெளிநாட்டு வங்கி ஒன்றின் கணக்கு வேலையை ஒப்பந்தத்தில் செய்த கம்பெனி அது. திடீரென்று அந்த வங்கியே அதே கட்டடத்தில் சொந்த ஆபீஸ் திறந்து, என் வேனில் வருபவர்களையெல்லாம் தன் ஆட்களாக எடுத்துக்கொண்டது. வேனுக்கு மட்டும் வேறொரு டிராவல்ஸைப் பேசிவிட்டார்கள்.

மனசு கேட்காமல் மறுநாளும் போனேன். பழக்கத்தில் எல்லோரும் என் வேனிலேயே ஏறி, அவரவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். புது வேன் காலியாகப் பின்னால் வந்தது.

ஆபீஸ் கேட்டில் காவலாளி மறித்தார். "உன் வண்டிக்கு பாஸ் இல்ல, அண்ணாத்த."

"வண்டி உள்ள கீறவங்களுக்கு பாஸ் கீதே!"

"அவங்க இப்போ பேங்க் ஆளுங்க. நீ யாரு ஆளு?"

வேன் கதவைத் திறந்துவிட்டேன். எல்லோரும் இறங்கி நடந்தார்கள். வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் மாமல்லபுரத்துக்கு ஓட்டிப்போய், சுற்றுலா வந்தவர்களைச் சவாரிக்குக் கூப்பிட ஆரம்பித்தேன்.