வில்சன் ஜெயித்த டிரக் பந்தயம்

ஆலங்கட்டி மழை பெய்து பிளானோவில் தெருவுக்குத் தெரு கூரை மாற்றிக்கொண்டிருந்தார்களே, அந்தக் கோடையில்தான் நாங்கள் ஜெயித்தோம். வருஷம் கேட்காதீர்கள். எனக்கு வருஷம் நிற்காது, கூரைதான் நிற்கும். எங்கள் வீட்டுக்கு வந்த கூரைக்காரன் வாசலில் ஓர் ஆணியைப் போட்டுவிட்டுப் போனான், அது என் கார் டயரிலேயே ஏறியது. டயர் வேலை பார்க்கிறவன் வீட்டில். சரி, அது வேறு எரிச்சல்.

போன வாரம் மருமகன் காருக்கு டயர் மாற்றப் போனோம். கடைக்குள் புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் பழசெல்லாம் கிளம்பிவிட்டது. "மாப்ள, நான் டிரக் ரேஸ் டீம்ல டயர் பாத்தவனுங்க" என்றேன். அவர் போனைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாமா, டயர்ல ஏதோ அப்ளை பண்ணி டிஸ்குவாலிஃபை ஆயிட்டீங்கன்னு போட்டிருக்கே" என்றார். கடைக்காரன் வேறு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அந்த டீமை ஆரம்பித்தவர் ராகவன் சார், கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜர். பிக்கப் டிரக்குகள் வட்டப் பாதையில் விரட்டிக்கொண்டு ஓடுவதை டிவியில் பார்த்துவிட்டு, ஒரு பழைய டிரக்கை வாங்கி வந்துவிட்டார். உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டு, இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, மஞ்சள் பெயின்ட் அடித்தோம். ஊருக்கு வடக்கே ஒரு சின்ன மைதானத்தில் பந்தயம் நடக்கும். ஓட்டியது வில்சன், யாழ்ப்பாணத்துக்காரன். மற்ற நாளில் பார்சல் வேன் ஓட்டுவான். டயருக்கு நான். சங்ககிரி லாரிப் பட்டறையில் பழகிய கை. பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை.

ராகவன் சார் எதற்கும் மீட்டிங் போடுவார். அலுமினிய டிரேயில் இட்லி, பக்கத்தில் லேப்டாப். "அண்ணே, பின் டயர்ல பிரஷர் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. டேட்டா அப்படித்தான் சொல்லுது."

"டேட்டா வந்து வண்டிய ஓட்டுமுங்களா சார்?" என்பேன். வண்டிக்கு அடியிலிருந்து வில்சன் சிரிப்பது கேட்கும். அந்த இட்லியும் கல் மாதிரிதான் இருக்கும். ஒரு நாளாவது ஒழுங்கான சட்னி வந்திருக்குமா என்றால் கிடையாது.

மூன்று கோடை ஓடினோம். ஜெயித்த அந்த ஒரு நாள் தவிர எப்போதும் கடைசி, இல்லாவிட்டால் கடைசிக்கு முந்தினது. ஒவ்வொரு தடவையும் வண்டி கிளம்பும் முன் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவேன். வில்சன் கழுத்தில் சிலுவை போட்டவன். ஆனால் அவன்தான் அதில் குறியாக இருப்பான். "அண்ணை, தேசிக்காய் வைச்சாச்சோ? மறந்துபோடாதேயுங்கோ." எலுமிச்சைக்கு அவர்கள் ஊரில் அப்படிப் பெயர். இதை யாரும் கண்டுகொண்டதில்லை. கடைசியில் வருகிற வண்டியின் டயரை எவன் மோந்து பார்ப்பான்?

மூன்றாவது கோடையில் வில்சனுக்கு இரண்டாவது குழந்தை பிறக்க இருந்தது. குடும்பத்தோடு நியூஜெர்சிக்குப் போக முடிவாகிவிட்டது. "இதுதான் கடைசி ஓட்டம் அண்ணை. ஒருக்காலெண்டாலும் வெண்டு காட்டிப்போட்டுப் போறன்" என்றான். நான் உம் என்றேன். ஜெயிப்பான் என்று நம்பவில்லை.

கடைசிச் சுற்றில் முன்னால் போன இரண்டு டிரக்கும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மேல்பக்கமாக ஒதுங்கின. வில்சன் உள்பக்கமாகப் புகுந்து வந்துவிட்டான். முதலாவது. மைதானமே எழுந்து நின்று எங்கள் வண்டியைப் பார்த்தது. அவ்வளவு கண்ணும் அந்த வண்டிமேல் விழுந்ததும் எனக்குத் தாங்கவில்லை. நாலு பழத்தை எடுத்து வண்டியைச் சுற்றிவிட்டுச் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். "ஏத்துப்பா" என்றேன். ஏற்றினான்.

ஜெயித்த வண்டி நேராகப் பரிசோதனைக் கொட்டகைக்குப் போகவேண்டும். இது எங்களுக்கு எங்கே தெரியும், அதற்கு முன்னால் ஜெயித்திருந்தால்தானே. ரப்பர் இளகி ரோட்டைப் பிடிக்கட்டும் என்று சில பேர் டயரில் மருந்து தடவுவார்களாம். அதற்காக அங்கே ஒருத்தர் மண்டி போட்டு டயரை மோந்து பார்ப்பார். எங்கள் டயர் சூட்டில் ஜூஸ் கடை மாதிரி மணந்தது.

இது என்ன என்று கேட்டார். "சார், திருஷ்டிக்கு வச்சதுன்னு சொல்லுங்க" என்றேன்.

ராகவன் சார் முகம் சிவந்துபோனது. "அண்ணே, சும்மா இருங்க. இவங்ககிட்ட அதெல்லாம் சொன்னா சிரிப்பாங்க." அப்புறம் அவரைப் பார்த்து இங்கிலீஷில், இது ஒரு கிளீனிங் லிக்விட், இயற்கையானது, கெடுதல் இல்லை என்றார். டயரில் எதையுமே தடவக்கூடாது என்பதுதான் அங்கே சட்டம். அந்த மனுஷன் நல்லவர். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டார். "சார், தோலு அங்கயே கெடக்குது, கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க" என்று நான் முழங்கையால் இடித்தேன். சார் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கும் வாய் இருந்தது. லெமன் என்று ஒரு வார்த்தையாவது தெரியும். அதைக்கூடச் சொல்லவில்லை நான்.

வில்சன் கோப்பையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். "என்னண்ணை நடந்தது?" என்று கேட்டான். வெளியே வந்துதான் சொன்னேன். அவன் ராகவன் சாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சல்.

அந்த மைதானம் இப்போது இல்லை. ஆபீஸ் கட்டடமும் ஒரு டேகேரும் வந்துவிட்டன. டிரக்கை எங்கே தள்ளிவிட்டார்கள் என்றும் தெரியாது. ராகவன் சார் சான்டா கிளாராவில் இருக்கிறார். டயர் கடையிலிருந்து வந்ததும் அவருக்குப் போன் போட்டு, அது வெறும் எலுமிச்சம்பழம்தான் என்று இப்போதாவது எழுதிப் போடுங்கள் என்றேன். "விடுங்கண்ணே, அதையெல்லாம் யாரு பாக்கப்போறாங்க?" என்றார்.

பார்க்கிறார்கள். வில்சன் நியூஜெர்சியில் பிஸ்கட்டவே என்கிற ஊரில் இருக்கிறான். அன்றைக்குப் பிறகு ரேஸ் வண்டியில் ஏறவில்லை. அந்த இரண்டாவது பிள்ளை வளர்ந்து, அப்பன் பெயரைத் தேடிப் படித்திருக்கிறாள். "தமிழ் விளங்கும் அண்ணை அவளுக்கு. ஆனா நான் சொன்னா, டாட், ஸ்டாப் எண்டுறாள்" என்றான். அப்பன் சொன்னால் நம்பமாட்டாள். அடுத்தவர் சொன்னால் நம்புவாளோ என்னவோ. அந்தப் பக்கம் உங்களுக்கு யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள். ஓட்டி ஜெயித்தது அவள் அப்பன். பழத்தை வைத்தது நான்.