துபார்நாக்கின் இரண்டு மிதவைகள்

பனிக்காலத்துத் தூண்டிலுக்கு மிதவை கட்டுகிற ஆள், வடதுருவத்தை ஒட்டிய சாட்டூத் தீவிலேயே துபார்நாக் ஒருத்திதான். மற்றவர்கள் உறைந்த கடலில் துளை போட்டு, அறுநூறு முள் கோத்த ஆயிரங்கால் தூண்டிலை கடலடி வரைக்கும் இறக்கி, கயிற்றின் மேல் நுனியைத் துளைக்குக் குறுக்கே கிடக்கும் ஒரு கட்டையில் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மே மாதம் வரை கடல் பனி தரை மாதிரி. தரையில் யாராவது மிதவை கட்டுவார்களா?

அவள் கட்டினாள். ஆரஞ்சு நிறத்தில் இரண்டு. அவை பனிமேல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

"துபார், முட்டை எப்பப் பொரிக்கும்?" என்று பக்கத்துத் துளைக்காரன் கெர்த் தன் நாய் வண்டியை நிறுத்தி தினமும் கேட்பான்.

"உன் வாய்க்குள்ள வச்சா நாளைக்கே பொரிச்சிடும். அங்கதான் சூடு ஆறுறதே இல்ல."

அவளுடைய அண்ணன் பவியாவும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருப்பான். ஆனால் காரணம் தெரிந்தவன் அவன். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு வசந்தத்தில், பனி முடிகிற விளிம்பில், ஒரு கொம்புத் திமிங்கிலம் செத்துக் கிடந்தது. வாலைச் சுற்றி யாரோ தொலைத்த தூண்டில் கயிறு. எலும்பு தெரிய மெலிந்திருந்தது. துபார்நாக் மண்டியிட்டு முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வரிசையாக வைத்தாள். முப்பத்தொன்று. பிறகு கயிற்றில் இருந்த முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, நுனி உள்பக்கம். அந்தக் குடாவில் அப்படி முடிச்சுப் போடுகிறவன் பவியா மட்டும்தான்.

"நம்ம கயிறுண்ணே," என்றாள். "சுட்டுத் தின்னா அது சாப்பாடு. இது என்ன?"

அடுத்த பனிக்காலத்தில் மிதவைகளை வாங்கி வந்தவள் அவள். அவற்றைக் கயிற்றில் கட்டிக் கொடுத்தவன் அவன்.

பதினாறு வயதில் நாய் வண்டி ஓட்ட ஆரம்பித்தவள். முதல் வருஷமே இடது சுண்டுவிரல் நுனியைக் குளிருக்குக் கொடுத்தாள். அதற்கு அழவில்லை, தலைமை நாய் செத்ததற்கு மூன்று நாள் சாப்பிடவில்லை. வண்டியின் பக்கக் கட்டையில், அந்த வருஷத்துப் பெரிய ஹாலிபட் மீன் எவ்வளவு நீளம் என்று கத்தியால் ஒரு கோடு போட்டு வைப்பாள். கோடுகள் வருஷா வருஷம் குட்டையாகிக்கொண்டே வந்தன. "வெளிக்கடல்ல கப்பல் வலை போடுது, உள்ள நாம முள் போடுறோம். அது எங்கண்ணே போய் வளரும்?" என்று ஒருநாள் கேட்டாள். பவியா அன்றைக்கு வீட்டுக்குப் போய், தன் தூண்டிலில் நூறு முட்களைக் கழற்றினான். அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் எண்ணிக் கண்டுபிடித்துவிட்டாள்.

மிதவை கட்ட ஆரம்பித்த ஆறாவது வருஷம் கடல் உறையவே ஜனவரி முடிந்துவிட்டது. ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறன்று, நிலத்துப் பக்கமிருந்து வெதுவெதுப்பான காற்று கிளம்பியது. ஊரே மாதா கோயிலில் இருந்தது. பாட்டின் நடுவே வெளியே நாய்கள் எல்லாம் ஒன்றாக ஊளையிட்டன. எல்லோரும் வாசலுக்கு ஓடி வந்து பார்த்தபோது, காலையில் வெள்ளையாகக் கிடந்த கடலில் கறுப்புக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடுகள் அகன்றன. பனித்தட்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன.

ஏழு பேருடைய தூண்டில்கள் வெளியே இருந்தன. கட்டைகள் கவிழ, கயிறுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"போச்சு. என் கட்டை போச்சு," என்றான் கெர்த், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு.

பவியா தொலைநோக்கியை எடுத்தான். தட்டுகளுக்கு நடுவே, கறுப்புத் தண்ணீரில், இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள். "துபார், மிதக்குது," என்று திரும்பினான். அவள் அங்கே இல்லை. பாசிமணி மேலாடையும் வெள்ளைத் தோல் காலணியுமாக, பண்டிகை உடையோடு, பனியில் புதைந்த படகை மண்வாரியால் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் போலாமே," என்று பவியா ஓடி வந்தான்.

"பனி விளிம்புல கொம்புத் திமிங்கிலங்க காத்துக்கிட்டிருக்கு. வழி திறந்த உடனே உள்ள வந்து, மீன் தேடி அடிவரைக்கும் முங்கும். அங்க நாலாயிரம் முள் கிடக்கு. எஞ்சினைப் பாருண்ணே."

கெர்த்தும் ஏறிக்கொண்டான். யாரும் கூப்பிடவில்லை. தட்டுகளைக் கழியால் தள்ளித் தள்ளி ஒரு மணி நேரத்தில் மிதவையை அடைந்தார்கள். ஒன்று நசுங்கியிருந்தது. மற்றது உயிரோடிருந்தது. பவியா கயிற்றைச் சுற்றுப்பொறியில் மாட்ட, அது சுழல ஆரம்பித்தது. பாகத்துக்கு ஆறடி; நூறு பாகம், இருநூறு பாகம் கயிறு ஏறியது. முதல் மீன் வெள்ளி மாதிரி மேலே வந்தபோது மூவருக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு பொறி முனகியது. துபார்நாக்கின் கயிற்றைச் சுற்றிக்கொண்டு இன்னொரு தூண்டிலும் ஏறி வந்தது. கெர்த்துடையது. எடை இரட்டிப்பாயிற்று, பொறி புகைந்தது. அதே நேரம் வடக்கிலிருந்து மாதா கோயில் உயரப் பனிமலை ஒன்று காற்றுக்கு அவர்களைப் பார்த்தே வந்துகொண்டிருந்தது.

"என்னுதை வெட்டிடு, பரவாயில்ல," என்றான் கெர்த்.

"எனக்குப் பரவா இருக்கு. பேசாம இழு."

பவியாவின் கை கத்திமேல் இருந்தது. "துபார், அரை மணிதான் இருக்கு."

"அப்ப அரை மணி இழுப்போம். கத்தியை உள்ள வைண்ணே."

மூவரும் கையுறை கிழியக் கையால் இழுத்தார்கள். பொறி முனகுவதும் கெர்த் முனகுவதும் ஒன்றுபோலக் கேட்டது. மீன், முள், மீன், ஒரு கிழட்டுச் சுறா. சுறாவின் வாயோரத்து நூலை மட்டும் துபார்நாக் நறுக்கிவிட, அது சோம்பலாகக் கீழே போயிற்று. பனிமலையின் குளிர் மூச்சு முகத்தில் அடித்தபோது கடைசி நங்கூரக் கல் படகில் வந்து விழுந்தது. பவியா எஞ்சினை முறுக்கினான். மிதவை கிடந்த இடத்தின் மேல் பனிமலை மெதுவாக ஏறிக் கடந்து போனது.

அப்போது பின்னால் புஸ்ஸென்று ஒரு மூச்சு. பிறகு இன்னொன்று. பிறகு இருபது, முப்பது. புள்ளி புள்ளி முதுகுகள் தண்ணீரில் உருண்டன. ஒரு நீளக் கொம்பு மேலே வந்து, காற்றில் சற்று நின்று, இறங்கியது. கெர்த்தின் கை பழக்கத்தில் துப்பாக்கியைத் தேடியது.

"கோயிலுக்குத் துப்பாக்கியோடயா போனே?" என்றாள் துபார்நாக்.

தூண்டில் கிடந்த இடத்திலேயே அவை வாலை உயர்த்தி ஒன்றன்பின் ஒன்றாக முங்கின. பவியா தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். முங்கியது முப்பத்திநாலு. கால் மணி கழித்து மேலே வந்ததும் முப்பத்திநாலு.

அதற்குள் அவள் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாள். பனிமலையும் கூட்டமும் விலகியதும், தொலைந்த மற்றத் தூண்டில்களைத் துழாவ. அன்று பொழுது சாய்வதற்குள் மூன்று கிடைத்தன, மறுநாள் இரண்டு.

கரையில் கெர்த் தன் முட்களைச் சிக்கெடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான்: "அந்த மிதவை மஞ்சள்ல கிடைக்குமா?"

"உனக்கு முட்டை கலர்தான் வேணுமா?"

பவியா தங்கையின் முட்களை எண்ணி முடித்தான். ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. குறைகிற ஒன்று சுறாவிடம். பிறகு, உயிரோடு வந்த மிதவையைக் கயிற்றிலிருந்து பிரிக்க எடுத்தான். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, நுனி உள்பக்கம். முடிச்சு அசையவே இல்லை. அவிழ்க்காமல், மிதவையை அப்படியே தங்கையின் படகில் வைத்தான்.